வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய சீக்கோவைத் தேடி வாங்குவது எப்படி: எல்லையோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

களியக்காவிளைக்கு இந்தப்புறமும் பாறசாலைக்கு அந்தப்புறமும் உள்ள ஊர்களில், 1970களிலும் 80களிலும் வளைகுடாவுக்குப் போய்த் திரும்பியவர்களின் பெட்டிகளில் சென்ட் பாட்டிலோடும் டேப் ரெக்கார்டரோடும் சீக்கோ, சிட்டிசன் என்ற ஜப்பானியக் கைக்கடிகாரங்களில் ஒன்றும் இருந்தது. அவற்றில் சில, கிழமையை ஆங்கிலத்திலும் அரபியிலும் காட்டும். மாமா கட்டிய கடிகாரம், தங்கை கல்யாணத்துக்கு விற்றுப்போன கடிகாரம் என்று ஏதோ ஒன்றின் நினைவில்தான் எங்கள் பக்கத்தில் பலர் இந்தத் தேடலுக்குள் வருகிறார்கள். உள்ளூரில் கிடைக்காதபோது பார்வை ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. பணம் போனபின் புலம்புகிறவர்கள் பெரும்பாலும் டயலின் நிறத்தைப் பார்த்து வாங்கியவர்கள். கடிகாரத்தின் எண்களை வாசிக்கக் கற்றுக்கொண்டவர்கள் அவ்வளவாக ஏமாறுவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி எண்களிலிருந்து தொடங்குகிறது.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் யாருக்கும் பயன்படாது என்பதால், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கடிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். அது சீக்கோ 6139 என்ற தானியங்கி குரோனோகிராஃப், அதாவது நேரம் காட்டுவதோடு ஸ்டாப்வாட்ச்சாகவும் பயன்படும் கடிகாரம். 1969ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ஜெனித் நிறுவனமும், ஹாயர், பிரைட்லிங் முதலியோர் சேர்ந்த கூட்டணியும் தத்தம் தானியங்கி குரோனோகிராஃப்களை வெளியிட்டதால், யார் முந்தியவர் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. 1973 நவம்பரில் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டு 84 நாட்கள் அங்கே தங்கிய வில்லியம் போக் என்ற அமெரிக்க வீரர், நாசா கொடுத்த ஒமேகாவைத் தவிரத் தன் சொந்த மஞ்சள் டயல் 6139ஐயும் கொண்டு சென்றார். அதனால் மஞ்சள் டயலும் சிவப்பு, நீல வெளிவளையமும் கொண்ட வகைக்கு ‘போக்’ என்ற பெயர் நிலைத்து, விலையும் ஏறிவிட்டது. நீங்கள் தேடுவது வேறு கடிகாரமாக இருந்தாலும், கீழே சொல்லும் வரிசை மாறாது.

முதலில் பின்மூடியைப் படியுங்கள்

சீக்கோவின் பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று 6139-6005 என்பது போல நடுவில் கோடு போட்டது. அதில் முதல் நான்கு இலக்கங்கள் மெஷினையும் அடுத்த நான்கு இலக்கங்கள் கேஸையும், அதாவது கடிகாரத்தின் உலோகக் கூட்டையும் குறிக்கும். அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற மஞ்சள் டயல் கடிகாரங்களில் 6005 என்றும், பிற நாடுகளுக்குச் சென்றவற்றில் பெரும்பாலும் 6002 என்றும் இருக்கும். எனவே வளைகுடாவிலிருந்து வந்த மாமாவின் கடிகாரத்தைப் போன்ற ஒன்று வேண்டுமென்றால் 6002ஐத் தேடுவதே பொருத்தம். விண்வெளிக்குப் போனதைப் போன்றதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர் 6005ஐத் தேட வேண்டும்.

இன்னொன்று வரிசை எண். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம்; இரண்டாவது இலக்கம் மாதம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்களும், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளும் வரும். 41 என்று தொடங்கினால் 1974 ஜனவரி. இந்த மெஷின் 1969 முதல் 1970களின் இறுதி வரை மட்டுமே வந்ததால் பத்தாண்டுக் குழப்பம் பெரும்பாலும் எழாது. ஒன்பதில் தொடங்கும் எண்தான் விதிவிலக்கு; அது 1969ஆ 1979ஆ என்ற ஐயம் எழும். 1969ஆம் ஆண்டுக் கடிகாரங்களில் வரிசை எண் ஏழு இலக்கங்கள் கொண்டிருந்தது. பின்னர் ஆறாகக் குறைந்தது. ஆகவே இலக்கங்களை எண்ணிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

வரிசை எண் சொல்லும் காலமும் டயல் சொல்லும் காலமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அடுத்தது. தொடக்க கால டயல்களில், தண்ணீர் புகாத ஆழத்தைக் குறிக்கும் எழுபது மீட்டர் என்பதோடு ‘புரூஃப்’ என்ற சொல் இருந்தது. சிறிது காலத்துக்குப் பின் அது ‘ரெசிஸ்ட்’ ஆயிற்று. பிறகு அந்த வரியே டயலிலிருந்து போய்விட்டது. பின்மூடி 1975 என்று சொல்லும்போது டயல் ‘புரூஃப்’ என்று சொன்னால், இரண்டு கடிகாரங்களின் உறுப்புகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். அது குற்றமல்ல, ஆனால் அதற்கு முழு விலை கொடுப்பது தேவையற்றது.

எங்கே தேடுவது

ஜப்பானில் யாஹூ ஏலத் தளம், உலகெங்கும் ஈபே என்ற விற்பனைத் தளம், ஜெர்மனியைச் சேர்ந்த குரோனோ24 என்ற கடிகாரச் சந்தைத் தளம் ஆகிய மூன்றும் புதியவருக்குப் போதும். குரோனோ24இல் விலை கூடுதலாக இருந்தாலும், நீங்கள் கட்டும் பணத்தைத் தளமே பிடித்து வைத்துக்கொண்டு, பொருள் வந்து சேர்ந்தபின் விற்பவருக்கு விடுவிக்கும் வசதி உண்டு. ஜப்பானிய ஏலத்தில் வெளிநாட்டவர் நேரடியாகக் கலந்துகொள்வது கடினம் என்பதால், நமக்காக ஏலம் கேட்டு, பொருளைத் தம் கிடங்கில் வாங்கி, பிறகு நமக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனங்களின் வழியாகப் போக வேண்டும். அவை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே கட்டணம் எடுப்பதால், ஏல விலையை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம்.

ஜப்பானிய விளம்பரங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்கள் சில சொற்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஜங்க்கு’ என்றிருந்தால் சோதிக்கப்படாதது அல்லது ஓடாதது, திருப்பி எடுக்கப்படாதது என்று பொருள். ‘கடோஹின்’ என்றால் ஓடுகிறது என்று மட்டுமே பொருள். நேரம் சரியாகக் காட்டும் என்ற உறுதி அதில் இல்லை. ‘நோ க்ளேம், நோ ரிட்டர்ன்’ என்பதை அவர்களும் ஆங்கிலத்திலேயே சொல்வார்கள்.

விலையை அறிய, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். யாரும் எதையும் கேட்கலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதில் உங்கள் எண்ணைப் போட்டு, இரண்டு மூன்று மாதங்கள் பொறுமையாகக் குறித்து வந்தால், ஓடும் கடிகாரம், ஓடாத கடிகாரம், சர்வீஸ் செய்த கடிகாரம் ஆகிய மூன்றின் விலைகளும் தனித்தனியே தெளிவாகும். இந்தக் காத்திருப்பைத் தாண்டிக் குதித்தவர்கள் யாரும் நல்ல விலைக்கு வாங்கி நான் பார்த்ததில்லை.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். நான் முதலில் வாங்கிய 6139 நீல டயல் கொண்டது. ஐரோப்பாவிலிருந்த ஒருவர் விற்றார். ஐந்து படங்கள் அனுப்பினார்; ஐந்தும் அழகாக இருந்தன; மெஷினைத் திறந்து ஒரு படம் எடுக்கச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கடிகாரம் வந்ததும் பாறசாலைப் பக்கம் நாற்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் ஒரு வாட்ச் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் செருகி அரை நிமிடம் பார்த்துவிட்டு, “சாரே, இது பம்பாயில சாயம் பூசினதாக்கும். கடல் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு” என்றார். மும்பையில் பழைய டயல்களைச் சுரண்டிப் புதிதாக அச்சடித்துப் பூசி, கிடைத்த உறுப்புகளைக் கூட்டிக் கட்டி விற்கும் தொழில் பல காலமாக நடக்கிறது. அவ்வாறு இங்கிருந்து போன ஒன்றை அயல்நாட்டுத் தபால் கட்டணமும் சுங்க வரியும் கொடுத்துத் திரும்ப வாங்கியிருந்தேன்.

அந்தப் பாடத்துக்குப் பின் நான் கேட்கும் படங்களைச் சொல்கிறேன். டயலுக்கு நேர் மேலிருந்து, கண்ணாடியில் ஒளி படாமல் எடுத்த படம் முதலாவது. அதில் ஆறு மணிக்குக் கீழே டயலின் விளிம்பில் மிகச் சிறிய எழுத்துகளில் ஒரு வரி இருக்க வேண்டும். ‘ஜப்பான்’ என்ற சொல்லும் டயல் எண்ணும் அதில் வரும். மறுபூச்சு டயல்களில் இந்த வரி பெரும்பாலும் காணாமற்போயிருக்கும், அல்லது தடித்துக் கலங்கியிருக்கும். எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, சிறு டயலின் கோடுகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அரை நூற்றாண்டு பழைய ஒளிப்பூச்சு இருட்டில் அதிக நேரம் மினுங்காது. முள்கள் இரவு முழுவதும் பச்சையாக ஒளிர்கின்றன என்று விற்பவர் பெருமையோடு சொன்னால், அவை பின்னர் பூசப்பட்டவை.

பின்மூடியின் படமும், அதைக் கழற்றி மெஷினைக் காட்டும் படமும் அடுத்தவை. மெஷினில் 6139 என்ற எண்ணுடன் ‘ஏ’ அல்லது ‘பி’ என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். திருகுகளின் தலைகள் சிதைந்திருந்தால் அனுபவமற்ற கைகள் உள்ளே போயிருக்கின்றன. துருப் படிந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. ஈரம் புகுந்த குரோனோகிராஃபைச் சரிசெய்ய உறுப்புகள் தேடி அலைவதற்குப் பதில் வேறொரு கடிகாரத்துக்குக் காத்திருப்பது மலிவு.

மூன்றாவதாக ஒரு காணொளி. குரோனோகிராஃபை ஓடவிட்டு, நிறுத்தி, சைபருக்குத் திருப்ப வேண்டும். நடு முள் மிகச் சரியாகப் பன்னிரண்டில் வந்து நிற்க வேண்டும். ஆறு மணிப் பக்கத்திலுள்ள முப்பது நிமிடச் சிறு முள்ளும் சைபருக்குத் திரும்ப வேண்டும். இந்த மாதிரியில் தனி விநாடி முள் கிடையாது என்பதால், குரோனோகிராஃப் நிற்கும்போது டயலில் அசைவே தெரியாது. புதியவர்கள் சிலர் அதைப் பார்த்துக் கடிகாரம் ஓடவில்லை என்று அஞ்சிவிடுகிறார்கள். கிரவுனை, அதாவது பக்கத்திலுள்ள திருகுக் குமிழை, அரைவாசி அழுத்தினால் தேதியும் முழுவதும் அழுத்தினால் கிழமையும் மாற வேண்டும். அழுத்தாமல் திருகினால் டயலைச் சுற்றியுள்ள உள்வளையம் சுழல வேண்டும். இந்த உள்வளையம் சுழலாமல் இருப்பது மிகவும் சாதாரணமான குறை. அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லலாம், வாங்காமல் விட வேண்டியதில்லை.

விற்பவருக்கு இந்தக் கடிகாரம் தெரியுமா என்று அறிய எனக்கு ஒரு சிறு தந்திரம் உண்டு. “கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்கும்போது இறுக்கமாக இருக்கிறதா?” என்று கேட்பேன். 6139க்குக் கையால் சாவி கொடுக்கவே முடியாது. மணிக்கட்டின் அசைவால்தான் அது முறுக்கேறும். “சாவி மிக மென்மையாக ஏறுகிறது” என்று பதில் வந்தால், அவர் கையில் கடிகாரம் இல்லை, அல்லது இருந்தும் அவர் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. கடைசியாக, அன்றைய தேதியையும் என் பெயரின் முதல் எழுத்தையும் ஒரு தாளில் எழுதி, அதன் மேல் கடிகாரத்தை வைத்து ஒரு படம் கேட்பேன். இதற்குக் கோபப்படுகிறவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

பணம்

வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொல்கிறவர், பணப் பரிமாற்றக் கடை வழியே அனுப்பச் சொல்கிறவர், தளத்துக்கு வெளியே வந்தால் பத்து விழுக்காடு குறைப்பேன் என்கிறவர் ஆகிய மூவருக்கும் பதில் ஒன்றே: வேண்டாம். கடன் அட்டையிலோ, அட்டையோடு இணைத்த பேபால் வழியிலோ, பொருள் வாங்குவதற்கான கட்டணமாகவே செலுத்துங்கள். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வெளிநாட்டு இணைய வழிச் செலுத்தலை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். ஏலம் முடியும் நிமிடத்தில் இதைக் கண்டுபிடிப்பது வேதனையான அனுபவம். வாங்கி முடித்ததும் மீண்டும் மூடிவிடுங்கள்.

சுங்கமும் தபாலும்

விலை கொடுத்தால் கடிகாரம் வந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பகுதியில்தான் திகைக்கிறார்கள். வரி, கடிகாரத்தின் விலையின் மேல் மட்டும் வருவதில்லை. விலை, அனுப்பும் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகையின் மேல் வருகிறது. அடிப்படைச் சுங்க வரி, அந்த வரியின் மேல் பத்து விழுக்காடு சமூக நல மேல்வரி, இவை அனைத்தையும் கூட்டிய தொகையின் மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. என்று மூன்று படிகள். விழுக்காடுகள் நிதிநிலை அறிக்கைக்கு ஏற்ப மாறுவதாலும், தனிப்பட்ட பயன்பாட்டுக்குத் தபாலில் வரும் பொருளுக்கு வேறு தலைப்பில் வரி போடப்படுவதாலும், வாங்கும் மாதத்தின் விகிதத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கு எப்படி வளர்கிறது என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு மட்டும் தருகிறேன். கடிகாரம் 40,000 ரூபாய், தபாலும் காப்பீடும் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 20 விழுக்காடானால் 8,800, மேல்வரி 880, ஆகக் கூட்டுத்தொகை 53,680. அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடானால் ஏறத்தாழ 9,662. வரி மட்டும் 19,342 ரூபாய். கையில் வந்து சேரும்போது கடிகாரத்தின் அடக்கம் 63,000ஐத் தாண்டிவிடும். ஏலத்தில் உங்கள் உச்ச விலையை இந்தக் கடைசித் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

“பரிசு என்று எழுதி அனுப்பிவிடுகிறேன்” என்று விற்பவர்கள் அன்போடு சொல்வார்கள். தபாலில் வரும் பரிசுப் பொருளுக்கு இருந்த 5,000 ரூபாய்ச் சலுகை 2019 டிசம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் தவறு. பொதி தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்கே கிடைக்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: பயன்படுத்திய பொருட்களை இறக்குமதி செய்ய நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் கட்டுப்பாடு உண்டு. ஆகவே பணம் கட்டும் முன்பே, கூரியர் நிறுவனத்தின் சுங்கப் பிரிவிடம் ‘சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரே ஒரு பழைய கைக்கடிகாரம்’ என்று எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராப்பைப் பற்றியும் விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். முதலைத் தோல், உடும்புத் தோல், மலைப்பாம்புத் தோல் ஆகியவற்றாலான ஸ்ட்ராப்கள் அழிந்துவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் வருகின்றன; உரிய சான்றிதழ் இல்லாமல் வந்தால் பொதியே பறிமுதலாகலாம். கழற்றி வைத்துக்கொண்டு கடிகாரத்தை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். 6139க்கு ஸ்ட்ராப் மாட்டும் இடைவெளி 19 மில்லிமீட்டர். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 18ம் 20ம் சரியாகப் பொருந்தா.

எல்லையோரத்தில் குடியிருப்பவர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. என் முகவரியில் மாநிலம் தமிழ்நாடு, அஞ்சல் குறியீடு 629இல் தொடங்குவது. ஆனால் விற்பவர் வரைபடத்தில் ஊரைத் தேடி, அருகில் திருவனந்தபுரம் தெரிந்ததால், தாமாகவே மாநிலத்தைக் கேரளம் என்று மாற்றிவிட்டார். பொதி 695 குறியீடுள்ள ஊர்களுக்கும் இங்குமாகப் பன்னிரண்டு நாட்கள் அலைந்தது. முகவரியை உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அனுப்பி, பொதியின் மேல் ஒட்டிய சீட்டின் படத்தை அனுப்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். கூரியர்காரர்கள் அடையாளச் சான்று கேட்கும்போது பெயர் பொருந்தாவிட்டால் அதுவே ஒரு வாரத் தாமதம். ஜப்பானிலிருந்து இ.எம்.எஸ். என்ற விரைவுத் தபால் வழியே வந்தால், பதின்மூன்று எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீட்டை நம் தபால் துறையின் இணையதளத்திலேயே பின்தொடரலாம். வரியைத் தபால்காரர் வரும்போது கட்டினால் போதும்.

துபாயிலோ மஸ்கட்டிலோ உறவினர் இருந்தால் அவர் முகவரிக்கு வரவழைத்து, விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். அது நல்ல வழிதான். இடையில் அவரே கடிகாரத்தைச் சோதித்துவிடலாம். ஆனால் “கையில் கட்டிக்கொண்டு வா, யாரும் கேட்க மாட்டார்கள்” என்ற ஆலோசனையை அவருக்குச் சொல்லாதீர்கள். உங்களுக்காக வாங்கிய பொருள் அவருடைய சொந்த உடைமை ஆகாது. மதிப்பு, பயணிக்கு அனுமதித்த தொகையைத் தாண்டினால், விமான நிலையச் சுங்கத்தில், வரிக்குரிய பொருளோடு வருபவர்களுக்கான சிவப்பு வழியில் ரசீதைக் காட்டி வரி கட்டி வருவதே முறை. ஒரு பழைய கடிகாரத்துக்காக ஊருக்கு வரும் மருமகன் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பொதி கைக்கு வந்தபின்

பிரிக்கும் முன்பே கைபேசியில் காணொளி எடுக்கத் தொடங்கி, ஒட்டிய சீட்டிலிருந்து கடிகாரத்தின் வரிசை எண் வரை ஒரே ஓட்டமாகப் பதிவு செய்யுங்கள்; முறையீடு செய்ய நேர்ந்தால் அதுவே சாட்சி. குரோனோகிராஃப் பொத்தான்களை ஒரு முறை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திவிடுங்கள். உள்ளே எண்ணெய் எப்போதோ காய்ந்திருக்கும். அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஓட்டினால் பல்சக்கரங்கள் தேயும். சர்வீஸ் செய்யக் கொடுக்கும்போது, குரோனோகிராஃப் மெஷினைக் கழற்றிப் பழகியவரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். குரோனோகிராஃப் இல்லாத சாதாரண சீக்கோ 5 மாதிரியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற கைகாரர்கள்கூட இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கேஸைப் பாலீஷ் செய்ய வேண்டாம் என்று முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நன்றி எதிர்பார்த்து அவர்களே செய்துவிடுவார்கள்.

டயலில் எழுபது மீட்டர் என்று எழுதியிருந்தாலும், ஐம்பது ஆண்டு பழைய ரப்பர் வளையத்தை நம்பி மழையில் இறங்காதீர்கள். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், ஜூனிலும் நவம்பரிலும் இதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுவதே என் வழக்கம். வாங்கிய ரசீது, சுங்க வரி கட்டிய சீட்டு, விற்பவரின் படங்கள் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு அதே டப்பாவோடு வையுங்கள். உள்நாட்டில் கிடைக்காத ஓர் உறுப்புக்காக என்றாவது கடிகாரத்தையே ஜப்பானுக்கு அனுப்ப நேர்ந்தால், அது திரும்பி வரும்போது ஏற்கெனவே வரி கட்டிய பொருள் என்று காட்ட அந்த உறைதான் வேண்டியிருக்கும். அனுப்பும் முன் அதன் நகலோடு ஏற்றுமதிப் பதிவையும் சுங்கத்தில் செய்துகொள்ளுங்கள்.